பெறுபேறு வந்ததும் யார் சொல்வது?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகப் போகிறது என்று செய்தி பரவிய ஓர் இரவு, லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. உம்மாவின் கைப்பேசி, வாப்பாவின் கைப்பேசி, என்னுடையது என மூன்றையும் தங்கை தன் முன்னால் பரப்பி வைத்திருந்தாள். ஒன்றில் சுட்டெண்ணை இடுவாள். "இன்னும் வெளியாகவில்லை" என்று வரும். அடுத்ததை எடுப்பாள், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மீண்டும் முதலாவது. நான் விளையாட்டாக எண்ணத் தொடங்கினேன். நாற்பத்து மூன்றாவது தடவையோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்போது உம்மா கேட்டார்: "போடுறவங்களுக்குத் தெரியும்தானே மகள், போட்டாச்சு எண்டு. அவங்களே நமக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா? இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கிடந்து தட்டணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் உம்மா அறியாமலே கேட்ட அந்தக் கேள்விதான் என் தொழிலின் ஒரு பகுதி. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் மென்பொருள் சோதனையாளராக வேலை செய்கிறேன். மாணவியர் பரீட்சை எழுதுவது போல மென்பொருளும் பரீட்சை எழுதுகிறது. அதற்கும் பெறுபேறு உண்டு. அந்தப் பெறுபேறு உரியவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையே, தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

மென்பொருள் எழுதும் பரீட்சை

ஒரு மருந்தகத்தில் பற்றுச்சீட்டு அடிக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நூறு ரூபாய் மருந்துக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தால் விடை தொண்ணூறு ரூபாயாக வர வேண்டும். இதைக் கைக்கணக்கால் ஒருமுறை பார்த்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நாளைக்கு இன்னொருவர் வேறொரு வசதியைச் சேர்ப்பதற்காக நிரலில் நான்கு வரிகளை மாற்றுவார். அந்த நான்கு வரிகள் கழிவுக் கணக்கைக் கெடுத்துவிடக் கூடும். ஆகவே மாற்றம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் எல்லாக் கேள்விகளையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மனிதர் செய்தால் அலுத்துப்போகும் இந்த வேலையை நிரலே செய்வதைத் தானியங்கிச் சோதனை என்கிறோம்.

இத்துறையில் பெயர்பெற்ற கருவிகளில் ஒன்று ஜேயூனிட். 1997 இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிச் நகரிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் செல்லும்போது அதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். ஜாவா மொழி நிரல்களுக்காக எழுதப்பட்ட அதைப் பின்பற்றிப் பிற மொழிகளுக்கும் சோதனைக் கருவிகள் வந்தன. ஜேயூனிட் பாணியில் அமைந்த பெறுபேற்றுக் கோப்பைப் பல கருவிகள் இன்றும் வாசிக்கின்றன. எத்தனை சோதனைகள், எத்தனை சித்தி, எத்தனை தோல்வி, எது ஏன் தோற்றது என்பன அந்தக் கோப்பில் இருக்கும்.

பரீட்சை நடந்தது, பெறுபேறும் வந்துவிட்டது. அதோடு வேலை முடிந்தது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு காசாளர் அழுத நாள்

மேலே சொன்ன மருந்தக மென்பொருள் கற்பனை அல்ல. அதைச் சோதிக்கும் குழுவில் நானும் ஒருத்தியாக இருந்தேன். எங்களிடம் 412 சோதனைகள் இருந்தன. ஒவ்வோர் இரவும் அவை தாமாகவே ஓடும். ஒருநாள் அதிகாலை 2.10 மணிக்கு 411 சித்தி, 1 தோல்வி என்று பெறுபேறு வந்தது. வந்த பெறுபேறு வழங்கிக் கணினியில் ஒரு கோப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் அதைத் திறந்து பார்க்க வேண்டியவர் அன்று விடுமுறையில் இருந்தார். நான் பார்த்திருக்கலாம், அது என் முறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்குப் புதிய பதிப்பு வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது.

தோற்ற அந்த ஒரு சோதனை கழிவுக் கணக்கைப் பற்றியது. பற்றுச்சீட்டில் கழிவு போகச் சரியான தொகையே அச்சாகியது. ஆனால் நாள் முடிவுக் கணக்கில் கழிவைக் கழிக்காத முழுத் தொகை சேர்ந்தது. இரவு கடை பூட்டும்போது, காசுப் பெட்டியில் பணம் குறைவதாகக் கணினி சொன்னது. அந்தக் கடையில் காசாளராக இருந்தவர் க.பொ.த. உயர் தரம் முடித்து வேலைக்கு வந்த ஒரு பிள்ளை. இரவு பத்து மணி வரை அவரை வைத்துத் திரும்பத் திரும்பக் காசை எண்ணச் சொன்னார்களாம். பணம் குறையவில்லை, கணக்குத்தான் கூடியிருந்தது. ஆனால் அது தெரியவர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

"எங்களுக்கு முன்னமே தெரியாது" என்று அந்தக் கடைக்காரரிடம் எங்களால் சொல்ல முடியவில்லை. எங்கள் கணினிக்கு அதிகாலை 2.10 மணிக்கே தெரிந்திருந்தது. அது யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் அதற்குச் சொல்லி வைக்கவும் இல்லை.

கேஸ் கடையில் கொடுத்துவைத்த இலக்கம்

2022 இல் சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதை நம் நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் இரண்டு வகையான ஆட்கள் இருந்தார்கள். முதலாமவர் விடியற்காலையும் மாலையும் கடைக்கு நடந்து போய், "கேஸ் வந்ததா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். இரண்டாமவர் கடைக்காரரிடம் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, "லொறி வந்ததும் ஒரு கோல் எடுங்கோ காக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

முதலாமவர் செய்தது, எங்கள் தங்கை அன்றிரவு மூன்று கைப்பேசிகளில் செய்த அதே வேலை. கணினி உலகிலும் ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிந்ததா, முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது உண்டு. பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலே வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் பதில் சொல்லும் கணினி திணறும்.

இரண்டாமவர் செய்ததற்குக் கணினி உலகில் வெப்ஹூக் என்று பெயர். இப்பெயரை 2007 இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெஃப் லின்ட்சே என்னும் அமெரிக்க நிரலாளர். ஹூக் என்றால் கொக்கி. இணையத்தில் ஒரு கொக்கியை மாட்டி வைக்கிறோம். நிகழ்வு நடந்ததும் செய்தி அதில் வந்து விழுகிறது.

கடைக்காரர் கதையில் இருந்த நான்கும் இதில் உண்டு. முதலாவது நிகழ்வு: லொறி வந்தது போல, சோதனை முடிந்தது. இரண்டாவது முகவரி: தொலைபேசி இலக்கத்துக்குப் பதிலாக, செய்தியைப் பெறும் நிரலின் இணைய முகவரி. மூன்றாவது செய்தி: சோதனை நடத்திய நிரல் அந்த முகவரிக்குத் தானாக ஒரு சிறு மடலை அனுப்புகிறது. நான்காவது பதில்: "ஆம், கிடைத்தது" என்பதற்கு அடையாளமாகப் பெறுநர் 200 என்ற இலக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது.

மடல் பெரும்பாலும் ஜேசன் என்ற எளிய வடிவில் இருக்கும். பெயரும் அதற்கு நேரே பெறுமதியும் எழுதிய பட்டியல் அது. எங்கள் மடலைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

திட்டம்: மருந்தகப் பற்றுச்சீட்டு
நேரம்: அதிகாலை 2.10
மொத்தம்: 412
சித்தி: 411
தோல்வி: 1
தோற்ற சோதனை: நாள் முடிவில் கழிவுக் கணக்கு

இந்த ஆறு வரிகள் அன்று யாராவது ஒருவரின் கைக்கு வந்திருந்தால், அந்தப் பிள்ளை இரவு பத்து மணி வரை காசு எண்ணியிருக்க மாட்டார்.

மடல் போய்ச் சேரும் இடங்கள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வெப்ஹூக் அமைக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே பெறுபேற்றை இப்போது மூன்று இடங்களுக்கு அனுப்புகிறோம். ஒன்று, குழுவினர் எல்லோரும் பார்க்கும் அரட்டைக் குழு. இரண்டாவது, வேலைப் பட்டியல் மென்பொருள். சோதனை தோற்றால் அதில் "இதைத் திருத்துக" என்று ஒரு வேலை தானாகப் பதிவாகி ஒருவரின் பெயரில் ஏறும். மூன்றாவதுதான் முக்கியமானது. வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பை அனுப்பும் மென்பொருளுக்கும் மடல் போகிறது. தோல்வி என்று மடல் வந்தால் அது வாயிற் கதவைச் சாத்திவிடும். மனிதர் விடுமுறையில் இருந்தாலும் கதவு சாத்தியே இருக்கும்.

இதில் ஒரு வசதியைக் கவனியுங்கள். அரட்டைக் குழு ஒரு நிறுவனத்துடையது, வேலைப் பட்டியல் இன்னொரு நிறுவனத்துடையது, சோதனைக் கருவி வேறொன்று. ஒன்றின் உட்புறம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரு முகவரியும் ஒரு மடலும் இருந்தால் போதும், அவை பேசிக்கொள்ளும்.

பொய்யாக ஒருவர் கோல் எடுத்தால்?

கடைக்காரரின் பெயரைச் சொல்லி வேறொருவர் "கேஸ் வந்துவிட்டது" என்று அழைத்தால் நாம் வீணாக அலைய நேரிடும். இணைய முகவரி தெரிந்த எவரும் "412 சோதனையும் சித்தி" என்று பொய் மடல் போடலாம். இதைத் தடுக்க, அனுப்புபவரும் பெறுபவரும் ஓர் இரகசியச் சொல்லை முன்கூட்டியே பகிர்ந்து வைத்திருப்பார்கள். அனுப்புபவர் மடலையும் இரகசியச் சொல்லையும் சேர்த்துக் கணித முறையில் ஒரு முத்திரையை உண்டாக்கி மடலோடு அனுப்புவார். பெறுபவரும் அதே கணக்கைச் செய்து பார்ப்பார். இரண்டு முத்திரையும் ஒத்துப்போனால் மட்டுமே மடலை ஏற்பார். வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை மாறிவிடும். உலகெங்கும் நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம், ஷா-256 என்ற கணித முறையால் இம்முத்திரையை இடுகிறது.

அடுத்தது, மடல் வழியில் தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வி. கிட்ஹப் 10 செக்கன் வரை பதிலுக்குக் காத்திருக்கும்; பதில் வராவிட்டால் தோல்வி என்று குறித்துக்கொள்ளும். ஆனால் தானாக மீண்டும் அனுப்பாது. நாம்தான் திரும்பக் கேட்க வேண்டும். பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை விட்டுவிட்டு முயன்றுபார்க்கும். மீண்டும் அனுப்பினால் ஒரே மடல் இரண்டு தடவை வரவும் கூடும். அதனால் ஒவ்வொரு மடலுக்கும் தனி இலக்கம் இடுவார்கள். இலக்கம் ஏற்கனவே வந்திருந்தால் பெறுநர் இரண்டாவதை ஒதுக்கிவிடும்.

இலங்கையில் பிறந்த ஒரு மொழி

இவையெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பவை என்று தங்கைமார் நினைக்க வேண்டாம். 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற நிறுவனம் பலரினா என்ற நிரல்மொழியை உருவாக்கியது. 2017 இல் அறிமுகமாகி, 2019 இல் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. இணையம் வழியாக ஒரு நிரலை இன்னொரு நிரலோடு பேசவைப்பதே அம்மொழியின் முதன்மை நோக்கம். கிட்ஹப் அனுப்பும் வெப்ஹூக் மடல்களைப் பெறுவதற்கான நூலகம் அதில் உண்டு. நிரலைச் சோதிப்பதற்கான கட்டளையும் மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதன் மூலநிரல் யாவரும் பார்க்கக்கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டுப் பொறியியலாளர்கள் எழுதிய வரிகளை, நம் கல்லூரிக் கணினி அறையில் இருந்துகொண்டே நீங்கள் வாசிக்கலாம்.

மூன்று வார மௌனம்

வெப்ஹூக் அமைத்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று நானும் இருந்தேன். மூன்று வாரம் தோல்வி மடல் ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். ஒருநாள் சந்தேகம் வந்து வழங்கிக் கணினிக்குள் பார்த்தேன். அந்த மூன்று வாரத்தில் ஐந்து தோல்விகள் இருந்தன. இடையில் யாரோ அரட்டைக் குழுவைக் கலைத்துப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். மடல்கள் பழைய முகவரிக்குப் போய் யாருமற்ற இடத்தில் விழுந்துகொண்டிருந்தன. வாயிற் கதவு தன் வேலையைச் செய்ததால் பிழையான பதிப்பு வெளியே போகவில்லை. ஆனால் திருத்த வேண்டிய பிழைகள் மூன்று வாரம் திருத்தப்படாமல் கிடந்தன.

தோல்வியை மட்டும் சொல்லும்படி நான் அமைத்திருந்ததுதான் தவறு. செய்தி வராத நாளுக்கு இரண்டு பொருள் இருக்கலாம்: எல்லாம் நன்றாக இருக்கிறது, அல்லது சொல்லும் வழி அறுந்துவிட்டது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். அன்றிலிருந்து சித்தியானாலும் தினமும் காலையில் ஒரு மடல் வரும்படி மாற்றினேன். அந்த மடல் வராவிட்டால்தான் நான் முதலில் பயப்படுவேன்.

திருகோணமலை அறிந்த பாடம்

இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் கணினியைப் பற்றிப் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 ஐப் பற்றிப் பேசினார். அன்று நான் சிறுபிள்ளை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நாட்டில் காலை ஏறத்தாழ 7 மணி. சுமார் 15 நிமிடத்துக்குள் ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கத்தைப் பற்றி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அது பசுபிக் நாடுகளுக்கான அறிவித்தல். இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கைக் கட்டமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. எந்த நாட்டில், எந்தக் காரியாலயத்துக்கு, யாருக்குச் சொல்வது என்ற முகவரி இல்லை. நிலநடுக்கத்துக்கும் நம் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் இருந்தது. நாடெங்கும் 30,000 இற்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

"அந்த நேரத்துக்குள்ள ஊரே நடந்து மேட்டுக்குப் போயிருக்கலாம் மகள்" என்றார் உம்மா.

அதன் பிறகு 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வெளிநாட்டு நிலையங்களின் எச்சரிக்கை வருகிறது. அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வழியாகக் கரையோர மக்களுக்குப் போகிறது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் சொன்னார், கேட்க வேண்டியவர் கேட்டார்.

இன்னொன்றும் நடக்கிறது. இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து 2009 முதல் ஐஓவேவ் என்ற பெயரில் சுனாமி ஒத்திகைகளை நடத்தி வருகின்றன. அலை எதுவும் இல்லாத நாளில் சோதனைச் செய்தியை அனுப்பி, அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். என் காலை மடலும் அத்தகையதுதான். அளவில் கடுகுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம்; காரணம் ஒன்றே.

தங்கைமாருக்கும் பெற்றோருக்கும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் தங்கைமார் இதைச் செய்து பார்க்கப் பெரிய வசதி தேவையில்லை. கிட்ஹப்பில் இலவசமாக ஒரு கணக்கைத் திறக்கலாம். சராசரி கணிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். அதற்கு ஐந்து சோதனைகள் எழுதுங்கள். ஒன்றை வேண்டுமென்றே தோற்கச் செய்து, அந்தச் செய்தி உங்கள் தோழியின் திரைக்குப் போய்ச் சேரும்படி அமையுங்கள். மடலில் மாணவியரின் பெயர், இலக்கம் போன்ற சொந்த விபரங்களைச் சேர்க்காதீர்கள்; சோதனையின் பெயரும் பெறுபேறும் போதும். இரகசியச் சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். பிறகு முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். எனக்கு மூன்று வாரம் பிடித்த பாடம் உங்களுக்கு மூன்று நிமிடத்தில் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணினித் துறை என்றால் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதும், அதை மறைக்காமல் உரியவரிடம் நேரத்துக்குச் சொல்வதும் இத்தொழிலில் பாதி. அதற்குப் பொறுமையும் நேர்மையும் உள்ள பிள்ளைகள் தேவை. நம் வீடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

அன்றிரவுக்கு வருகிறேன். பதினொரு மணிக்கு மதிலுக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை, "வந்திட்டாம்! வந்திட்டாம்!" என்று சத்தமிட்டாள். தங்கை நாற்பத்து எத்தனையாவது தடவையாகவோ சுட்டெண்ணை இட்டாள். பக்கம் திறந்தது. பார்த்துவிட்டு முதலில் ஓடிப்போய் மதிலோரம் நின்று, "எனக்கும் கிடைச்சிட்டு!" என்று அவளுக்குப் பதில் சொன்னாள். பிறகுதான் எங்களிடம் காட்டினாள்.